60 எம்பி வீடியோவும் 60 நொடிச் சுவரும்: மூடுல் சர்வர் ஒன்றின் நிகழ்வு ஆய்வு

புகார்கள் இரண்டு. மாணவர் செய்முறை வீடியோ ஒன்றை, 60 எம்பி அளவில், ஒப்படைப்புப் பக்கத்தில் ஏற்றப் பார்க்கிறார், ஏறவில்லை. அலுவலகத்தில் ஒருவர் தளம் முழுவதற்குமான பதிவு அறிக்கையைத் திறக்கிறார். சரியாக ஒரு நிமிடம் சுற்றிவிட்டு '504 கேட்வே டைம்-அவுட்' என்று நின்றுவிடுகிறது. மூடுல் என்ற இணையவழிப் பாட மென்பொருளை நடத்தும் கல்வி நிறுவனங்களில் இரண்டுமே பழகிய தலைவலிகள். இரண்டையும் ஒரே நோய் என்று எண்ணி, பிஎச்பி.இனி என்ற அமைப்புக் கோப்பைத் திறந்து கண்ணில் படும் எண்களையெல்லாம் பெரிதாக்கிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. அதில் முதல் புகார் பாதி தீரும். இரண்டாவது தீராது; பல நேரம் முற்றிப்போகும்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட அமைப்பு: உபுண்டு 24.04, என்ஜின்எக்ஸ் 1.24 (இணைய சர்வர்), பிஎச்பி 8.3 எஃப்பிஎம் (மூடுலின் நிரலை ஓட்டும் வேலையாட்களை, அதாவது செயல்முறைகளை, நிர்வகிப்பது), மரியாடிபி 10.11 (தரவுத்தளம்), மூடுல் 4.5, 4 ஜிபி நினைவகம். மூடுல் கட்டாயமாகக் கேட்கும் மேக்ஸ்_இன்புட்_வார்ஸ் 5000 என்பதைத் தவிர எந்த எண்ணையும் தொடவில்லை; எல்லாம் நிறுவியபடியே. (அமைப்புகளின் பெயர்கள் இங்கே ஒலிப்படி எழுதப்பட்டுள்ளன. கோப்பில் ஆங்கிலச் சிற்றெழுத்தில், அடிக்கோடுகளை அப்படியே வைத்து எழுத வேண்டும்.)

கோப்பு கடக்கும் வாசல்கள்

நிறுவியபடியே விட்டால் கிடைக்கும் அளவுகள் இவை. என்ஜின்எக்ஸின் கிளையண்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் 1 எம்பி. பிஎச்பியின் போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் 8 எம்பி, அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் 2 எம்பி. இவற்றுக்கு உள்ளே மூடுலுக்கென்று தளம், பாடம், ஒப்படைப்பு என மூன்று அடுக்கு வரம்புகள். எது சிறியதோ அதுதான் செல்லும்.

மூடுல் தன் பக்கத்தில் காட்டும் 'அதிகபட்சக் கோப்பு அளவு' பிஎச்பியின் இரண்டு எண்களில் சிறியதையும் தன் அடுக்குகளையும் பார்த்து எடுத்தது. என்ஜின்எக்ஸ் என்ன வைத்திருக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் தொடாத சர்வரில் பக்கம் '2 எம்பி வரை' என்று சொல்லும், மாணவர் 1.5 எம்பி பிடிஎஃப் ஒன்றை ஏற்றினால் அது வாசலிலேயே விழும். சொன்ன வரம்புக்குள் இருக்கும் கோப்பு ஏன் ஏறவில்லை என்று குழம்பும் இடம் இதுதான். மூடுலிலும் பிஎச்பி லாக்கிலும் தேடினால் ஒன்றும் கிடைக்காது, கோரிக்கை அதுவரை போகவே இல்லை. என்ஜின்எக்ஸின் எரர் லாக்கில் மட்டும் 'கிளையண்ட் இன்டெண்டட் டு சென்ட் டூ லார்ஜ் பாடி' என்ற வரியும் அதன் பின்னால் பைட் எண்ணிக்கையும் இருக்கும். அந்த எண் கோப்பின் அளவைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருப்பது இயல்பு. படிவத்தின் மற்றப் புலங்களும் பகுதிகளைப் பிரிக்கும் எல்லை வரிகளும் அதில் சேர்ந்தே எண்ணப்படுகின்றன.

உலாவியில் 413 ('அளவு மிகப் பெரிது' என்ற மறுப்பு) தெளிவாகத் தெரியும் என்றும் நம்ப வேண்டாம். அளவு தலைப்பிலேயே எழுதியிருப்பதால் என்ஜின்எக்ஸ் அதைப் படித்த உடனே மறுத்து இணைப்பை மூடுகிறது. உலாவியோ இன்னும் கோப்பை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதனால் பயனருக்குப் பல நேரம் தெரிவது 'இணைப்பு துண்டிக்கப்பட்டது' என்பது மட்டுமே. பெரிய கோப்பு, தொடங்கிய சில நொடிகளில் துண்டிப்பு என்றால் இணையத்தைக் குறை சொல்வதற்கு முன் அந்த எரர் லாக்கைப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பொறி, சோதிப்பவர் யார் என்பது. தள நிர்வாகிக்கு மூடுலின் உள் வரம்புகளை மீறும் அனுமதி இயல்பாகவே உண்டு. அவர் ஏற்றிப் பார்த்து 'எனக்கு ஏறுகிறதே' என்பார். மாணவருக்குப் பாட அளவில் 10 எம்பி வரம்பு அப்படியே இருக்கும். சோதனையை மாணவர் கணக்கில்தான் செய்ய வேண்டும்.

எண்களை உள்ளிருந்து வெளியே ஏற்றுதல்

இலக்கு 200 எம்பி என்று வைத்துக்கொள்வோம். உள்வாசல் சிறியதாகவும் வெளிவாசல் பெரியதாகவும் இருக்க வேண்டும்:

அப்லோட்_மேக்ஸ்_ஃபைல்சைஸ் = 200எம்
போஸ்ட்_மேக்ஸ்_சைஸ் = 210எம்
கிளையண்ட்_மேக்ஸ்_பாடி_சைஸ் 220எம்;

முதல் இரண்டும் பிஎச்பிக்கு, மூன்றாவது என்ஜின்எக்ஸின் சர்வர் பிளாக்குக்கு. மூன்றையும் 200 என்றே வைத்தால், சரியாக வரம்பை ஒட்டிய கோப்பு அந்தக் கூடுதல் பைட்டுகளாலேயே தோற்கும். எந்த வாசலில் தோற்கிறது என்பதும் முக்கியம். அப்லோட் வரம்பை மீறினால் பிஎச்பி அந்தக் கோப்புக்கு மட்டும் பிழை எண் 1 கொடுக்கிறது. படிவத்தின் மற்றத் தகவல்கள் நிரலுக்குச் சேர்ந்துவிடும், அதுவும் ஒழுங்கான செய்தி காட்ட முடியும். போஸ்ட் வரம்பை மீறினால் பிஎச்பி கோரிக்கையின் உடலையே, அதாவது அனுப்பிய தரவு முழுவதையும், தூக்கிப்போட்டுவிடும். போஸ்ட், ஃபைல்ஸ் இரண்டு அணிகளும் வெறுமையாக வரும். படிவத்தோடு வந்த பாதுகாப்பு டோக்கனும் அதில் போய்விடுவதால், பல மென்பொருள்களில் 'உங்கள் அமர்வு காலாவதியானது' என்ற சம்பந்தமே இல்லாத செய்தி வரும். அதைப் பார்த்துவிட்டு அமர்வு நேரத்தை நீட்டிக்கொண்டிருப்பவர்கள் உண்டு.

அலகை எழுதுவதில் ஒரு எழுத்து கூடினால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிடலாம். பிஎச்பிக்கு 'எம்' மட்டும்தான் தெரியும். யாராவது '200எம்பி' என்று எழுதினால் அது கடைசி எழுத்தான 'பி'யைப் பார்த்து, பெருக்கல் எதுவும் இல்லை என்று முடிவுகட்டி, 200 பைட் என்று எடுத்துக்கொள்ளும். 8.2க்கு முந்தைய பதிப்புகளில் சத்தமே இல்லாமல், 8.2 முதல் ஓர் எச்சரிக்கை வரியோடு, ஆனாலும் அதே 200 பைட். '1.5ஜி' என்று எழுதினால் புள்ளிக்குப் பின்னுள்ளது கழிந்து 1 ஜிபி ஆகும். 1536எம் என்றே எழுத வேண்டும். என்ஜின்எக்ஸ் இந்த விஷயத்தில் கறார். தவறான அலகைக் கண்டால் கான்ஃபிக் சோதனையிலேயே நிறுத்திவிடும்.

பிஎச்பி எண்களை எந்தக் கோப்பில் எழுதுவது? உபுண்டுவில் இடிசி அடைவுக்குள் பிஎச்பி, அதற்குள் 8.3, அதற்குள் சிஎல்ஐக்கு (கட்டளை வரி) ஒன்று, எஃப்பிஎம்முக்கு ஒன்று என்று இரண்டு தனித்தனி பிஎச்பி.இனி. டெர்மினலில் எந்த இனி கோப்பு என்று கேட்டால் பிஎச்பி காட்டுவது சிஎல்ஐயுடையதை. அதை மாற்றிவிட்டு இணையத்தில் ஒன்றும் மாறவில்லை என்று உட்கார்ந்திருப்பது, இந்த வேலையில் மிக அதிகமாக நேரத்தைத் தின்னும் தவறு. மூடுலில் தள நிர்வாகம், சர்வர், பிஎச்பி தகவல் என்று போனால் எஃப்பிஎம் உண்மையில் ஏற்றுக்கொண்டிருக்கும் எண்கள் தெரியும். இதற்கென்று தனியாக பிஎச்பிஇன்ஃபோ கோப்பு எழுதிவைத்து, பிறகு அழிக்க மறந்துபோக வேண்டியதில்லை. பிஎச்பி.இனியையே திருத்துவதைவிட, எஃப்பிஎம் அடைவின் கான்ஃப்.டி-க்குள் 99 என்று தொடங்கும் பெயரில் சிறு கோப்பு ஒன்று வைத்து அதில் இந்த வரிகளை மட்டும் எழுதுவது மேல். கடைசியாகப் படிக்கப்படுவதால் அதுதான் செல்லும். பொதியைப் புதுப்பிக்கும்போது 'பழையதை வைக்கவா, புதியதை வைக்கவா' என்ற கேள்வியும் வராது.

நிரலுக்குள் இனி_செட் போட்டு இந்த இரண்டு அளவுகளை உயர்த்த முடியாது. நிரலின் முதல் வரி ஓடத் தொடங்கும்போது உடல் படித்து முடிக்கப்பட்டிருக்கும். அதற்குப் பிறகு வரம்பை மாற்றி என்ன பயன்? ஷேர்டு ஹோஸ்டிங்கில் .யூசர்.இனி கோப்பில் எழுதலாம். ஆனால் பிஎச்பி அதை 300 நொடி நினைவில் வைத்திருக்கும். மாற்றிய உடனே சோதித்து, வேலை செய்யவில்லை என்று அழித்துவிடக் கூடாது. ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். .எச்டிஆக்சஸ் கோப்பில் பிஎச்பி_வேல்யூ எழுதுவது அப்பாச்சி என்ற வேறு இணைய சர்வருக்குள்ளேயே பிஎச்பி ஓடும் பழைய முறைக்கு மட்டும் பொருந்தும்; எஃப்பிஎம்மோடு ஓடும் அப்பாச்சியில் அந்த ஒரு வரியே தளத்தை 500க்குத் தள்ளிவிடும்.

என்ஜின்எக்ஸ் வரியை ஏன் சர்வர் பிளாக்கில் வைக்கச் சொல்கிறோம் என்றால், மூடுலில் கோப்புகள் ஒரே வழியாக வருவதில்லை. உலாவியிலிருந்து வருபவை ரெபாசிட்டரி_அஜாக்ஸ் நிரலுக்கும், மொபைல் செயலியிலிருந்து வருபவை வெப்சர்விஸ் அடைவில் உள்ள அப்லோட் நிரலுக்கும் போகின்றன. முதலாவதற்கு மட்டும் வரம்பை உயர்த்திய தளங்களில் 'கணினியில் ஏறுகிறது, ஆப்பில் ஏறவில்லை' என்ற புகார் வரும்.

பிஎச்பி எண்கள் ஏறியதும் மூடுலின் பாதுகாப்பு அமைப்புகளில் உள்ள அளவுப் பட்டியல் தானாக 200 எம்பி வரை நீளும். அங்கேயே 200 எம்பியைத் தேர்ந்தெடுத்து எல்லாருக்கும் திறந்துவிடத் தேவையில்லை. தள அளவில் 200, பாடங்களின் இயல்பு வரம்பு 20, வீடியோ கேட்கும் ஒப்படைப்பு உள்ள பாடத்துக்கு மட்டும் 200 என்று வைப்பது போதும். கிளாம்ஏவி வைரஸ் சோதனையை இணைத்திருந்தால் அதன் ஸ்ட்ரீம்மேக்ஸ்லெங்த் என்ற வரம்பையும் சரிபார்க்க வேண்டும். எல்லா வாசலும் கடந்து வந்த கோப்பு அங்கே நிற்பதுண்டு.

வட்டு, நினைவகம்

பதிவேற்ற வரம்பை உயர்த்தும்போது மெமரி_லிமிட்டையும் அதற்கு மேல் உயர்த்த வேண்டும் என்று பிஎச்பி கையேடே பொதுவாகச் சொல்கிறது. படிவம் வழியாக வரும் கோப்புக்கு அது தேவையில்லை. பிஎச்பி அதைத் துண்டு துண்டாக வாங்கித் தற்காலிகக் கோப்பில் எழுதிக்கொண்டே போகிறது; 200 எம்பி கோப்புக்காக 200 எம்பி நினைவகம் எடுப்பதில்லை. ஏறிய படத்தைச் சுருக்குவது போன்ற வேலையை நிரல் செய்தால் அது வேறு கணக்கு. 4 ஜிபி சர்வரில் மெமரி_லிமிட்டை 1 ஜிபி ஆக்கி வைத்தால், தப்பித்தவறி ஐந்து வேலையாட்கள் அதைத் தொடும் நாளில் நினைவகம் தீர்ந்து மரியாடிபிகூடக் கொல்லப்படலாம்.

உண்மையான செலவு வட்டில். என்ஜின்எக்ஸ் இயல்பாகவே முழு உடலையும் தானே வாங்கிவைத்துக்கொண்டுதான் எஃப்பிஎம்மிடம் கொடுக்கிறது. உபுண்டுவில் அந்தத் தற்காலிக இடம் வார் அடைவில் லிப், என்ஜின்எக்ஸ், பாடி என்ற பாதையில் உள்ளது. கொடுக்கும்போது பிஎச்பி இன்னொரு பிரதியை டிஎம்பி என்ற தற்காலிக அடைவில் எழுதுகிறது. மூடுல் மூன்றாவதாகத் தன் தரவு அடைவுக்கு எடுத்துச் செல்கிறது. கடைசி நாள் இரவு 40 பேர் ஒரே நேரத்தில் 200 எம்பி அனுப்பினால் என்ஜின்எக்ஸ் இடத்தில் 8 ஜிபி வேண்டும். டிஎம்பி-யில் அவ்வளவு வேண்டாம். எஃப்பிஎம் வேலையாட்கள் ஐந்து பேர்தான் என்றால் ஒரு நேரத்தில் ஐந்து கோப்பு, அதாவது 1 ஜிபி. டெபியன் 13 போல டிஎம்பி-யை நினைவகத்தில் வைக்கும் வெளியீடுகளில் அந்த 1 ஜிபி ரேமிலிருந்து போகும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். இடம் தீர்ந்தால் பயனருக்கு 500, எரர் லாக்கில் பிழை எண் 28.

இந்த இடைவாங்கலில் ஒரு நன்மையும் உண்டு. மெதுவான இணைப்பில் ஏற்றும் மாணவர் எஃப்பிஎம் வேலையாளைப் பிடித்துவைத்திருப்பதில்லை. 200 எம்பி கோப்பு நொடிக்கு 4 மெகாபிட் வேகத்தில் ஏற ஏறக்குறைய 7 நிமிடம் ஆகும். அந்த 7 நிமிடமும் என்ஜின்எக்ஸோடுதான். 'பதிவேற்றம் நீளும், ஆகவே மேக்ஸ்_எக்சிக்யூஷன்_டைமை உயர்த்து' என்ற அறிவுரைக்கு இந்த அமைப்பில் இடமே இல்லை. ஏறும் நேரம் அந்தக் கணக்கில் வருவதில்லை. பொருந்துவது என்ஜின்எக்ஸின் கிளையண்ட்_பாடி_டைம்அவுட், இயல்பாக 60 நொடி. அதுவும் மொத்த நேரம் அல்ல, இரண்டு வாசிப்புகளுக்கு இடையிலான மௌனம். இணைப்பு ஒரு நிமிடம் முழுக்க உறைந்தால் ஆக்சஸ் லாக்கில் 408 விழும். மாணவர் தானே பொறுமையிழந்து பக்கத்தை மூடினால் 400 அல்லது 499. செல்போன் இணைப்பில் ஏற்றுபவர்கள் மிகுதி, 408 நிறைய விழுகிறது என்றால் அதை 180 ஆக்கலாம். அந்த 400, 499 மட்டும் விழுந்தால் சர்வரில் செய்ய ஒன்றுமில்லை.

504 எங்கிருந்து வருகிறது

இனி இரண்டாவது புகார். இங்கே நேரம் அளக்கும் கடிகாரங்கள் மூன்று. மூன்றும் மூன்று விதமாக அளக்கின்றன.

இதைப் பார்த்துவிட சின்னச் சோதனை போதும். இரண்டு பிஎச்பி கோப்புகள். முதலாவதில் ஸ்லீப் 90 நொடி, அது முடிந்ததும் டிஎம்பி-யில் ஒரு காலிக் கோப்பை உருவாக்கும் வரி. இரண்டாவதில் முடிவில்லாமல் கூட்டிக்கொண்டே போகும் ஒரு வளையம். மேக்ஸ்_எக்சிக்யூஷன்_டைம் இயல்பான 30 நொடியில்.

வளையக் கோப்பை அழைத்தால் 30 நொடியில் 500. பிஎச்பி லாக்கில் 'மேக்சிமம் எக்சிக்யூஷன் டைம் ஆஃப் 30 செகண்ட்ஸ் எக்சீடட்'. எதிர்பார்த்ததுதான். ஸ்லீப் கோப்பை அழைத்தால் 30 நொடியில் ஒன்றுமே நடக்காது. லினக்ஸில் பிஎச்பியின் இந்தக் கடிகாரம் நிரல் சிபியுவில் செலவழித்த நேரத்தை மட்டும் எண்ணுகிறது. தூங்கும் நேரமும் தரவுத்தளத்தின் பதிலுக்குக் காத்திருக்கும் நேரமும் அதில் இல்லை. (விண்டோஸில் சுவர்க்கடிகார நேரமே எண்ணப்படும். விண்டோஸ் கணினியில் சோதித்துப் பார்த்த எண்ணை லினக்ஸ் சர்வருக்குக் கொண்டுபோனால் ஒத்துவராது.) 60ஆம் நொடியில் 504 வருகிறது. அதைத் தந்தது என்ஜின்எக்ஸின் ஃபாஸ்ட்சிஜிஐ_ரீட்_டைம்அவுட். எரர் லாக்கில் 'அப்ஸ்ட்ரீம் டைம்டு அவுட்' என்றும் பிழை எண் 110 என்றும் எழுதியிருக்கும்.

முக்கியமானது அதற்குப் பிறகு நடப்பது. உலாவியில் எல்லாம் முடிந்துபோன மாதிரித் தெரிகிறது. ஆனால் 90ஆம் நொடியில் டிஎம்பி-யில் அந்தக் காலிக் கோப்பு வந்து நிற்கிறது! என்ஜின்எக்ஸ் கைவிட்டதை பிஎச்பி அறியவில்லை. வெளியீடு எதையாவது அனுப்ப முயலும்போதுதான் அதற்குத் தெரியும். அதுவரை அந்த வேலையாள் உழைத்துக்கொண்டுதான் இருப்பார்.

மூன்றாவது கடிகாரம் எஃப்பிஎம்முடையது: ரிக்வெஸ்ட்_டெர்மினேட்_டைம்அவுட். இயல்பாக 0, அதாவது அணைந்திருக்கும். இதை 45 நொடி என்று வைத்து ஸ்லீப் கோப்பை அழைத்தால் 45ஐ ஒட்டி வேலையாளே கொல்லப்பட்டு உலாவியில் 502 வரும். ஆக, 500 என்றால் பிஎச்பி, 504 என்றால் என்ஜின்எக்ஸ், 502 என்றால் எஃப்பிஎம் என்று முதல் ஊகத்தை வைத்துக்கொண்டு அதற்குரிய லாக்கைத் திறக்கலாம். ஊகம்தான், 502க்கு வேறு காரணங்களும் உண்டு, ஒன்று கீழே வருகிறது.

இப்போது பதிவு அறிக்கைக்கு வருவோம். தளம் முழுக்க, எல்லாப் பயனர்கள், எல்லா நாள்கள் என்று கேட்டால் மூடுல் லாக்ஸ்டோர்_ஸ்டாண்டர்டு_லாக் என்ற அட்டவணையை முழுசாகத் துழாவ வேண்டியிருக்கும். பல ஆண்டு ஓடிய தளத்தில் அதில் கோடிக்கணக்கில் வரிசைகள் சேர்ந்திருக்கும். நேரம் முழுக்க மரியாடிபியில் கழிகிறது, பிஎச்பி சும்மா காத்திருக்கிறது. ஆகவே மேக்ஸ்_எக்சிக்யூஷன்_டைமை 600 ஆக்கினாலும் 6000 ஆக்கினாலும் 504 அதே 60ஆம் நொடியில் வரும். போதாததற்கு, நீளும் என்று தெரிந்த இடங்களில் மூடுல் அந்த வரம்பைத் தானே தளர்த்திக்கொள்கிறது. இனி கோப்பில் உள்ள எண்ணுக்கு அங்கே மதிப்பு குறைவு.

பாடக் காப்பை (பேக்அப்) மீட்டெடுப்பது இதைவிட நீண்ட வேலை, ஆனாலும் அது பல நிமிடம் ஓடி ஒழுங்காக முடிகிறதே என்று கேட்கலாம். ஃபாஸ்ட்சிஜிஐ_ரீட்_டைம்அவுட்டும் மொத்த நேரத்தை அளப்பதில்லை; இரண்டு வாசிப்புகளுக்கு இடையிலான மௌனத்தையே அளக்கிறது. மீட்பின்போது நகரும் முன்னேற்றப் பட்டை அவ்வப்போது சில பைட்டுகளை அனுப்பிக்கொண்டே இருப்பதால் கடிகாரம் திரும்பத் திரும்பப் பூஜ்யத்துக்குப் போகிறது. பதிவு அறிக்கையில் வினவல் முடியும்வரை ஒரு பைட் கூட வெளியே வருவதில்லை.

சரி, ரீட் டைம்அவுட்டை 600 ஆக்கிவிடலாமா? உபுண்டுவில் எஃப்பிஎம்மின் இயல்பான பூலில் (வேலையாட்களின் குழு) பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன் 5, அதாவது அதிகபட்சம் ஐந்து வேலையாட்கள். அறிக்கை வராத கோபத்தில் ஒருவர் நான்கு முறை மீண்டும் சொடுக்கினால், ஒவ்வொரு சொடுக்கும் ஒரு வேலையாளைப் பிடித்துக்கொள்ளும். சிலர் வினவலோடு, சிலர் அமர்வுப் பூட்டு திறக்கக் காத்துக்கொண்டு. ஐவரும் தீர்ந்ததும் 'சர்வர் ரீச்சுடு பிஎம்.மேக்ஸ்_சில்ட்ரன் செட்டிங்' என்று எஃப்பிஎம் லாக்கில் ஒரு வரி. அதன் பிறகு உள்நுழைவுப் பக்கம்கூடத் திறக்காது. 60 நொடியில் 504 கொடுத்தபோதும் இது நடந்துகொண்டுதான் இருந்தது, பயனர் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். அளவு வரம்பை உயர்த்தினால் செலவு வட்டில் முடியும், வட்டை வாங்கிவிடலாம். நேர வரம்பைத் தளம் முழுக்க உயர்த்தினால் ஒருவருடைய காத்திருப்புக்கு எல்லாரும் சேர்ந்து விலை கொடுப்பார்கள். அதைப் பொதுவில் தொடாமல் இருப்பதே எங்கள் பரிந்துரை.

செய்தவை

முதல் மருந்து அட்டவணைக்கு. மூடுலின் ஸ்டாண்டர்டு லாக் செருகுநிரலில் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பது என்ற அமைப்பு 'எப்போதும் நீக்காதே' என்றுதான் வருகிறது. நிறுவனத்துக்குத் தேவையான காலத்தைக் கேட்டு, ஓர் ஆண்டு என்றால் 365 நாள் என்று வைத்தால், கிரான் (பின்னணியில் குறித்த நேரங்களில் ஓடும் பணி) வழியே பழையவை படிப்படியாகக் கழியும். முதல் முறை பெருந்தொகை கழிய வேண்டியிருக்கும். அது முடிவதற்கு முன் அறிக்கை இன்னும் மெதுவாகத்தான் இருக்கும், பதற வேண்டாம்.

எங்கே நேரம் போகிறது என்று முதலில் தெரியவில்லை என்றால், பூல் கோப்பில் ஸ்லோலாக் பாதையைக் கொடுத்து ரிக்வெஸ்ட்_ஸ்லோலாக்_டைம்அவுட்டை 10 நொடி என்று வைக்கலாம். பத்து நொடியைத் தாண்டும் ஒவ்வொரு கோரிக்கைக்கும் அந்தக் கணத்தில் எந்தக் கோப்பில் எந்த வரியில் நிற்கிறது என்பது அழைப்புத் தொடரோடு எழுதப்படும். தரவுத்தள ஓட்டுநரின் வரியில் நிற்கிறது என்றால் பிஎச்பி எண்களைத் தொடுவதையே விட்டுவிடலாம்.

இரண்டாவது மருந்து, அறிக்கைகளுக்குத் தனிப் பூல். பூல்.டி அடைவில் புதுக் கோப்பு, பயனர், குழு இரண்டும் வழக்கமான டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா, தனி சாக்கெட் (என்ஜின்எக்ஸ் இந்தப் பூலோடு பேசும் வாயில்), பிஎம் ஆன்டிமாண்ட், மேக்ஸ்_சில்ட்ரன் 2, ரிக்வெஸ்ட்_டெர்மினேட்_டைம்அவுட் 170 நொடி. என்ஜின்எக்ஸில் ரிப்போர்ட் அடைவுக்கு மட்டும் ஒரு லொக்கேஷன் (முகவரிக்கான விதி) எழுதி, அந்தச் சாக்கெட்டைக் காட்டி, ரீட் டைம்அவுட் 180. எஃப்பிஎம்மின் எண் சிறியதாக இருப்பது வேண்டுமென்றேதான். என்ஜின்எக்ஸ் கைவிடுவதற்குள் வேலையாள் விடுவிக்கப்பட்டுவிடுவார், அநாதையாக ஓடிக்கொண்டிருக்க மாட்டார். இரண்டு இடமும் நிறைந்தால் மூன்றாவது ஆள் வரிசையில் நிற்பார். மாணவர்களின் தேர்வுப் பக்கத்துக்கு ஒன்றும் ஆகாது.

இதில் சறுக்கும் இடங்கள்: சாக்கெட்டுக்கு லிஸன்.ஓனர், லிஸன்.குரூப் எழுத மறந்தால் அது ரூட்டின் பெயரில் உருவாகி, என்ஜின்எக்ஸால் தொட முடியாமல் 502 வரும். எரர் லாக்கில் பிழை எண் 13. ரெகெக்ஸ் (முகவரியின் வடிவத்தைப் பொருத்திப் பார்க்கும்) லொக்கேஷன்களில் கோப்பில் முதலில் பொருந்துவதே செல்லும், எனவே பொதுவான பிஎச்பி லொக்கேஷனுக்கு மேலே இதை வைக்க வேண்டும். பக்கத்து லொக்கேஷனில் உள்ள ஃபாஸ்ட்சிஜிஐ வரிகள் இதற்குத் தானாக வராது. பாத்_இன்ஃபோ உட்பட எல்லாவற்றையும் இங்கும் எழுத வேண்டும், இல்லையென்றால் வெற்றுப் பக்கம்தான்.

பொதுப் பூலில் ரிக்வெஸ்ட்_டெர்மினேட்_டைம்அவுட்டைப் போடவில்லை. அது வெளியீடு வருகிறதா இல்லையா என்று பார்க்காமல் மொத்த நேரத்தை எண்ணுவது. முன்னேற்றப் பட்டையோடு ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் மீட்பையும் நடுவழியில் வெட்டிவிடும். பெரிய மீட்புகளுக்கு மூடுலிலேயே ஒத்திசைவற்ற காப்பு மீட்பு அமைப்பு இருக்கிறது. இயக்கினால் வேலை கிரானுக்குப் போய்விடும், அங்கே நேர வரம்பு 0. காப்புக் கோப்பே 2 ஜிபி என்றால் அதற்காகப் பதிவேற்ற வரம்பை 2 ஜிபி ஆக்க வேண்டாம். கோப்பு முறைமை ரெபாசிட்டரியை இயக்கி, எஸ்எஃப்டிபி வழியாகத் தரவு அடைவின் ரெபாசிட்டரி உள்ளடைவில் போட்டு, அங்கிருந்து தேர்ந்தெடுக்கலாம்.

பிஎச்பி வேலையாளைக் கொன்றுவிட்டால் மரியாடிபியில் ஓடும் வினவலும் சாகும் என்று நினைக்கக் கூடாது. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்; பிராசஸ்லிஸ்டில் பார்க்கலாம். மேக்ஸ்_ஸ்டேட்மென்ட்_டைம் என்ற மரியாடிபி வரம்பு அதற்கானது. அதைப் பொதுவாக வைத்தால் கிரானின் நீண்ட வேலைகளும் வெட்டுப்படும் என்பதால் இங்கே தொடவில்லை.

மாற்றங்களை அமல்படுத்தும்போது என்ஜின்எக்ஸின் கான்ஃபிக்கைச் சோதித்துவிட்டு ரீலோட் செய்தால் ஓடிக்கொண்டிருக்கும் பதிவேற்றங்கள் பழைய வேலையாட்களிடமே முடியும். எஃப்பிஎம் அப்படியல்ல. பிராசஸ்_கன்ட்ரோல்_டைம்அவுட் இயல்பாக 0 என்பதால் ரீலோட் என்றாலும் நடந்துகொண்டிருக்கும் கோரிக்கைகள் அந்த நொடியே அறுந்துபோகும். 30 நொடி என்று வைத்தால் அதுவரை பொறுக்கும். ஒப்படைப்புக் கெடு முடியும் இரவில் ரீலோட்டே வேண்டாம்.

சரிபார்ப்பு

ட்ரன்கேட் கட்டளையில் 1.5, 7, 9, 199, 201 எம்பி அளவில் வெற்றுக் கோப்புகள் உருவாக்கி, மாணவர் கணக்கில் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். 201 மட்டும் தோற்க வேண்டும், அதுவும் மூடுலின் சொந்தச் செய்தியோடு. 413 வந்தால் வெளிவாசல் இன்னும் சிறியது. தளத்துக்கு முன்னால் கிளவுட்ஃபிளேர் என்ற இடைநிலைச் சேவையின் இலவசத் திட்டம் இருந்தால் 100 எம்பிக்கு மேற்பட்டவை அங்கேயே 413 ஆகும், சர்வர் லாக்கில் சுவடே இருக்காது. இலக்கை 95 எம்பிக்குக் குறைப்பதோ, பதிவேற்றத்துக்கு அதன் வழியே போகாத துணைப்பெயர் ஒன்றை ஏற்பாடு செய்வதோதான் வழி.

அப்பாச்சியில் இதே வேலை என்றால் வெளிவாசல் லிமிட்ரிக்வெஸ்ட்பாடி. 2.4.53 வரை வரம்பில்லாமல் இருந்தது, அதற்குப் பிந்தைய பதிப்புகளில் இயல்பாக 1 ஜிபி. 200 எம்பிக்குத் தடையில்லை. நேரத்துக்கு டைம்அவுட்: மென்பொருளின் இயல்பு 60, டெபியன், உபுண்டு பொதிகளில் 300 என்று எழுதியே வரும். அதனால் என்ஜின்எக்ஸில் ஒரு நிமிடத்தில் தெரியும் கோளாறு அங்கே ஐந்து நிமிடம் ஒளிந்திருக்கும்.

பிஎச்பி பதிப்பை அடுத்து உயர்த்தும்போது புதுப் பதிப்புக்குப் புது அடைவு உருவாகும். அதில் 2 எம்பியும் 8 எம்பியும் மறுபடி வந்து உட்கார்ந்திருக்கும். 99 கோப்பையும் அறிக்கைப் பூல் கோப்பையும் புதிய அடைவுக்கு நகலெடுத்து, என்ஜின்எக்ஸில் பொதுப் பூலின் சாக்கெட் பெயரில் உள்ள பதிப்பு எண்ணை மாற்றிவிட்டு, அதே ஐந்து கோப்புகளை மீண்டும் ஏற்றிப் பார்க்க வேண்டும்.